தூங்கும் இளவரசியை வரைந்த ஓவியருக்கு

அன்புள்ள ஃபிரான்சிஸ் கோட்ஸ் அவர்களுக்கு,

1767இல் நீங்கள் வரைந்த அந்த பாஸ்டல் ஓவியம் பற்றித்தான் எழுதுகிறேன், இங்கிலாந்து ராணி சார்லட் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பாரே, அது. குழந்தை நன்றாகத் தூங்குகிறது. ராணி ஒரு விரலை உயர்த்தி, சத்தம் போடாதே, பிள்ளை எழுந்துவிடும் என்று சைகை காட்டுகிறார். யாரிடம்? படத்தைப் பார்க்கிற நம்மிடம்! அரசியைப் பார்க்க வந்தவர்களை, தொட்டில் இருக்கிற அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர்களாக மாற்றிவிட்டீர்கள். இதற்காகவே உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்று பையன்களுக்குப் பிறகு 1766 செப்டம்பரில் பிறந்த முதல் பெண் பிள்ளை அது, அதற்கும் சார்லட் என்றே பெயர். அரச குடும்பம் தன்னை நல்ல குடும்பமாகக் காட்டிக்கொள்ள இந்த மாதிரிப் படங்கள் உதவின என்பார்கள். சரி, உதவியிருக்கட்டும். அதற்காக அந்தக் கன்னத்தை இவ்வளவு அக்கறையோடு வரைந்திருக்க வேண்டியதில்லையே. பாஸ்டல் வெறும் வண்ணத்தூள்தான், காகிதத்தின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கொஞ்சம் அதிர்ந்தாலும் உதிரும், அதனால்தான் கண்ணாடி போட்டு வைக்கிறார்கள். ஆனால் எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு அதில் கிடையாது, பச்சைக் குழந்தையின் தோலுக்கு அதைவிடப் பொருத்தமான வண்ணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1767ஆம் வருட லண்டன் ஓவியக் கண்காட்சியில் இதைப் பார்த்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல்கூட ராணியைவிடக் குழந்தையைத்தான் அதிகம் மெச்சினார்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கல்லடைப்புக்கு மருந்தென்று சோப்புக் காரத்தைக் குடித்து 1770இல், 44 வயதிலேயே போய்விட்டீர்கள். ராணிக்கு மொத்தம் 15 பிள்ளைகள் பிறந்தார்கள், அதில் ஆல்ஃபிரட், ஆக்டேவியஸ் என்ற இரண்டு சின்னப் பையன்களை 1782, 1783 என்று அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். பெண்களைக் கட்டிக்கொடுக்க மனசே வராத வீடு அது. உங்கள் படத்தில் தூங்குகிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபோது வயது 30, வருடம் 1797, மாப்பிள்ளை ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் இளவரசர். மறு வருடம் அவருக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, அதுவும் இறந்தே பிறந்தது. 1806இல் அங்கே ராணியும் ஆனார். ஆனால் கல்யாணமாகிப் போன பிறகு அம்மாவை அவர் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை; 1827இல்தான் இங்கிலாந்துக்கு வர முடிந்தது, அம்மா இறந்து அப்போதே கிட்டத்தட்ட ஒன்பது வருடம் ஆகியிருந்தது.