கன்னியக்கோவிலில் வண்டியைச் சரிசெய்து தந்த பெரியவருக்கு நன்றி

அப்பா விட்டுச்சென்ற 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி காரில் அம்மாவுடன் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தென்பெண்ணைப் பாலத்தில் ஏறும்போதே, தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியதுபோல இன்ஜின் தட்டியது. கன்னியக்கோவில் அருகே பயந்து நிறுத்திவிட்டேன்.

டீக்கடையில் இருந்த நீங்கள், யாரும் அழைக்காமலேயே எழுந்து வந்து, "பாயிண்ட் மாத்துனீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் அந்தச் சிறிய தொடுமுனையை இரண்டு நாள் முன்புதான் மாற்றியிருந்தேன். பாயிண்ட் இடைவெளி கூடினால் தீப்பொறி முன்கூட்டியே விழும், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே அழுத்தம் அளவுமீறி ஏறி, எரியாத மீதிக் கலவை தானாக வெடித்துத் தட்டும் என்று விளக்கியபடியே, முதலில் அந்த இடைவெளியைத் தகடு வைத்துச் சரிசெய்தீர்கள். டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, அதற்குப் பிறகுதான் தொட வேண்டும் என்ற வரிசையை இனி மறக்கமாட்டேன். பின்னர் சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கீழுள்ள போல்ட்டைத் தளர்த்தி, தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி, அதனுள் இருக்கும் ரோட்டார் சுழலும் திசையிலேயே அதை மயிரிழை அளவு திருப்பி இறுக்கினீர்கள். டாப் கியரில் என்னை ஓட்டிப் பார்க்கச் சொல்லி, லேசாக மிஞ்சியிருந்த சத்தத்துக்காக மறுபடியும் திருப்பினீர்கள். அளவுக்கு மேல் திருப்பினால் இழுவை குறைந்து இன்ஜின் சூடேறும் என்று எச்சரிக்கவும் தவறவில்லை.

நீட்டிய பணத்தை மறுத்து, விரல்களில் படிந்த கிரீஸைத் துடைத்தபடி, "யாரோ இந்த வண்டிய நல்லா வச்சிருந்திருக்காங்க" என்றீர்கள். அம்மா கண்கலங்கிவிட்டார். உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம் ஐயா. இது உங்கள் கண்ணில் பட்டால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வர வேண்டும்.