வலது கண்ணின் நரம்பு எந்தப் பக்கம் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த மீன் மூளைப் படத்தில் வலது கண்ணின் நரம்பை வலப்பக்க நடுமூளைக்கும், இடது கண்ணின் நரம்பை இடப்பக்கத்துக்கும் இழுத்திருக்கிறார்கள். தவறு. பெரும்பாலான மீன்களில் பார்வை நரம்புகள் இரண்டும் மூளையின் அடியில் குறுக்கே கடந்து, ஏறக்குறைய முழுதாகவே எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. நமக்குத்தான் பாதி இழைகள் பக்கம் மாறி, மீதி அதே பக்கம் தங்குகின்றன. நான் விலங்கியல் நடத்துகிற ஆசிரியை. பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தைவிட என்னை வருத்தியது, 'கண் பார்ப்பதை நடுமூளை அப்படியே முன்மூளைக்கு அனுப்பிவிடுகிறது' என்ற வரி. மீனைப் பொறுத்தவரை நடுமூளையின் கூரையான டெக்டம்தான் பார்வைக்குத் தலைமையிடம். விழித்திரையில் அடுத்தடுத்து இருக்கும் செல்களின் இழைகள் டெக்டத்திலும் அடுத்தடுத்தே போய் முடிவதால், வெளியுலகின் வரைபடமே அங்கே விரிந்து கிடக்கிறது. இழைகள் மேலடுக்குகளில் வந்து சேரும், அடியில் இருக்கும் செல்கள் பார்த்ததை எடைபோட்டு நேராகப் பின்மூளைக்குக் கட்டளை அனுப்பும், அங்கிருந்து தண்டுவடம், அப்புறம் வால். முன்மூளையின் உத்தரவுக்காக யாரும் காத்து நிற்பதில்லை.

வரிக்குதிரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள், கங்கைச் சமவெளி நீர்நிலைகளின் மீன் அது, இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கிறது. அதன் குஞ்சு பொரித்த சில நாட்களிலேயே பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் நீர்வாழ் உயிரியை வேட்டையாடும். உடல் ஒளி ஊடுருவும்படி இருப்பதால், நரம்புச் செல் வேலை செய்யும்போது ஒளிரும் புரதத்தை மரபணு வழியாகச் சேர்த்துவிட்டு நுண்ணோக்கியில் பார்க்கலாம். 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பாரமீசியம் நீந்த நீந்த டெக்டத்தில் ஒளியும் கூடவே நகர்வதைப் படம்பிடித்தார்கள். சிறு புள்ளி நகர்ந்தால் இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்பி மீன் அதைத் துரத்துகிறது, வேகமாகப் பெரிதாகும் நிழல் என்றால் சட்டென விலகி ஓடுகிறது. இரையா எதிரியா என்று பிரித்துப் பார்ப்பதில் பெரும்பங்கு இந்த டெக்டத்துக்குத்தான், அதைப்போய் வெறும் கம்பி என்று எழுதலாமா?

நரம்பியல் ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரியின் சோதனையை நீங்கள் தொடவே இல்லை, அது பெரிய குறை. 1963-ல் அவரும் சக ஆய்வாளர் அட்டார்டியும் தங்கமீனின் பார்வை நரம்பை வெட்டி, விழித்திரையில் ஒரு பகுதியையும் நீக்கினார்கள். மீண்டும் வளர்ந்த இழைகள், காலியாகக் கிடந்த பகுதிகளைக் கடந்து போய், டெக்டத்தில் தங்களுக்குரிய பழைய இடத்திலேயே சேர்ந்தன. ஒவ்வொரு இழைக்கும் தன் இடத்தை அறிய வேதி அடையாளம் இருக்க வேண்டும் என்றார் ஸ்பெர்ரி. அப்படிப்பட்ட மூலக்கூறுகள், எஃப்ரின்கள், 1990களில் அடையாளம் காணப்பட்டன. பின்னால் வந்த சோதனைகளில், பாதி விழித்திரை மட்டுமே மிஞ்சினாலும் நாளடைவில் அதன் இழைகள் டெக்டம் முழுக்கப் பரவுவதும் தெரிந்தது. ஆக அடையாளமும் உண்டு, விட்டுக்கொடுத்துச் சரிசெய்துகொள்வதும் உண்டு.

நரம்பு அறுந்த மீனுக்குச் சில வாரங்களில் பார்வை திரும்புகிறது. நமக்கு அப்படி வளர்வதில்லை, பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாகோமா நோயில் போன பார்வை போனதுதான். அது ஏன் என்று தேடுகிறவர்கள் இன்றும் இந்த மீன்களைத்தான் நோக்குகிறார்கள், உங்கள் கட்டுரையில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பகுதி இதுதான்.

சரியான படத்தை, நரம்புகள் குறுக்கே கடப்பது தெளிவாகத் தெரியும்படி, அதே பக்கத்தில் அதே அளவில் வெளியிடுங்கள். ஓரத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் யார் கண்ணிலும் படாது.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருவர்