எதிரே இருப்பது ஆளா, நிரலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போக்கர் என்னும் சீட்டாட்டத்தைச் செயற்கை நுண்ணறிவு மாற்றிவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. எவரையும் பார்த்துப் பழகாமல், தன்னோடு தானே ஆடியே அது எதிராளியை ஏமாற்றிப் பந்தயம் வைக்கவும் கற்றுக்கொண்டது என்பதுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. முகம் தெரியாத இணைய மேசையில் எதிரே இருப்பது ஆளா, நிரலா என்பதை ஆடுபவர் எவ்வாறு அறிவார்?

அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு இளைஞர், இது திறமைக்கான ஆட்டம் என்று நம்பி, தங்கையின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை இழந்ததை நேரில் கண்டேன். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பினும், இந்த நிரல்கள் இயங்கும் விதத்தைப் பெங்களூருக் கல்லூரிகளும் தமிழ்ச் சங்கமும் இளைஞர்களுக்கு எளிய தமிழில் விளக்கும் கூட்டங்களை நடத்த வேண்டும்.

– வாசகர், அல்சூர், பெங்களூரு