தம்பூரா கேட்கும் அளவுக்கு: சபா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சபா செயலாளர்களுக்கும், மிக்சர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒலி அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

செம்மங்குடி சீனிவாச ஐயரை நான் முதன்முதலில் நேரில் கேட்டபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. எனக்குப் பள்ளிக்கூட வயது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இவருக்குக் குரல் சுலபத்தில் வசப்படலை, பாடிப் பாடிச் சாதகம் பண்ணியே வழிக்குக் கொண்டுவந்தார்" என்று காதோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது. கரகரப்பிரியா ராகம் பாடிக்கொண்டிருந்தார். ராகத்தின் ஒரு பிடியை, ஒரு சின்ன ஸ்வரக் கோவையை, பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்ததை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று விநாடி சும்மா இருந்தார். அப்போது அரங்கத்தில் சுருதிக்கு மீட்டும் தம்பூரா மட்டும் கேட்டது. எங்களுக்கு நாலு வரிசை பின்னால் யாரோ மெதுவாக "ஆஹா" என்றது கூடக் கேட்டது. அன்றைக்கு அவர் வேறு என்னென்ன பாடினார் என்பது முக்கால்வாசி மறந்துவிட்டது. அந்த இரண்டு மூன்று விநாடி மறக்கவில்லை.

அந்த இடைவெளியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கச்சேரிகளில் ஒலியின் அளவைக் குறையுங்கள்.

மேதைகளை நேரில் கேட்ட நினைவுகளை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால், என்னிடம் தங்கியிருப்பதெல்லாம் சின்னச் சத்தங்கள்தான். என். ரமணியின் நீளக் குழலில், ஸ்வரம் பிறப்பதற்குச் சற்று முன்னால் வரும் மூச்சு. லால்குடி ஜெயராமனின் வில், தந்தியைத் தொட்டும் தொடாமலும் ஒரு கமகத்தை, ஸ்வரத்தின் அசைவை, முடிக்கிற இடம். அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தாளம் போடுவதைக்கூட நிறுத்திவிடுவார்.

ஜி. ஹரிசங்கரின் கஞ்சிராவைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். உடும்புத் தோல் போர்த்திய, ஒரு கையில் அடங்கும் வட்டம் அது. அவர் தண்ணீர் தொட்டுத் தோலைத் தடவி, சுருதியை இறக்கிக்கொண்டு, தட்டிக் கேட்டுப் பார்த்து, மறுபடி தடவுவார். அதுவும் எங்களுக்குக் கேட்கும். பிறகு தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் அந்தச் சின்னத் தோலிலிருந்து அவர் எழுப்பிய கும்கி என்கிற கனத்த நாதம் இருக்கிறதே, கீழே இறங்கி வளைந்து மேலே ஏறி வரும், அது வயிற்றில் போய் உட்காரும். அந்த நாதம் ஒலிபெருக்கியின் பேஸ் குமிழிலிருந்து வந்ததில்லை. அவருடைய விரல் அழுத்தத்திலிருந்து வந்தது. 2002ல், நாற்பத்தைந்து வயதுகூட ஆகாமல் அவர் போய்விட்டார். அவர் வாசித்த பதிவுகள் எத்தனையோ கிடைக்கின்றன, கேட்கிறேன். தோலைத் தடவிய சத்தம் எதிலும் இல்லை.

அப்புறம் ஷேக் சின்ன மௌலானா. ஒரு கோயில் பிரகாரத்தில் மைக் இல்லாமல் அவருடைய நாகஸ்வரத்தைக் கேட்டேன். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே நாதம் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு தூண் மறைவுக்குப் போனால் ஒரு மாதிரி, வெளியே வந்தால் வேறு மாதிரி. கல்லும் சேர்ந்து வாசித்த கச்சேரி அது. இப்போது அரங்கத்துக்குள் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைக்கிறீர்கள். திறந்த வெளிக்கென்றே உருவான வாத்தியங்கள் அவை. நாலு சுவருக்குள் அவற்றுக்கு மைக் எதற்கு?

சரி, என் குறையைச் சொல்கிறேன். போன டிசம்பர் சீசனில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். நான் மிகவும் மதிக்கிற பாடகர். பெரிய அரங்கமும் கிடையாது, மைக் இல்லாமலே பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் சத்தம் ஒவ்வொரு அடிக்கும் நாற்காலியை அதிரவைத்தது. பாடகரின் தோடி ராகம் அதற்கு மேலே ஏறி நிற்கப் போராடியது. மேடையில் ஒரு தம்பூரா இருந்தது, ஒரு பெண் முழுக் கச்சேரிக்கும் அதை மீட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவைகூட அது என் காதில் விழவில்லை. விழுந்தது மின்னணுச் சுருதிப் பெட்டியின் ஒலி மட்டுமே. இடைவெளியே இல்லாமல் இரண்டரை மணி நேரம். வீட்டுக்கு வந்தும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. அந்தப் பாடகர் நன்றாகத்தான் பாடினார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தம்பூராவை ஏன் இத்தனை பிடித்துக்கொள்கிறேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நாலே தந்தி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்தி ஜீவா என்கிற ரீங்காரத்தைப் பிடிப்பார்கள். அது சரியான இடத்தில் நின்றதும் தந்தி பேச ஆரம்பிக்கும். யாருமே மீட்டாத அந்தர காந்தார ஸ்வரம் மந்தரத் தந்தியிலிருந்து தானாகக் கிளம்பும். பாடகர் சாய்ந்துகொள்வது அந்த நாதத்தின் மேல்தான். நம் முந்தைய தலைமுறை ரசிகர்களின் காது பழகியதும் அதில்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி சுருதி விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கண்டிப்பின் பலன் கடைசி வரிசை வரை போய்ச் சேர, அரங்கத்தில் கொஞ்சம் அமைதி மிச்சம் இருந்தாக வேண்டும்.

மைக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒலிபெருக்கி வருவதற்கு முன், பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஆண்களும் நாலு கட்டை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாட வேண்டியிருந்தது. மைக் வந்ததால்தான் குரல்கள் தமக்கு இயல்பான சுருதிக்கு இறங்கின. பாடகர் எம்.டி. ராமநாதனின் மந்தர ஸ்தாயி, அந்த ஆழ்ந்த கீழ்க்குரல், ஒரு பெரிய அரங்கத்தை நிறைத்தது மைக்கின் தயவால்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்ததே மின்சார மாண்டலின். நான் கேட்ட கச்சேரிகளில் மறக்கவே முடியாதவற்றில் அவருடையதும் உண்டு. மின்சாரத்தின் வழியாக வந்தும் அதில் ஒவ்வொரு அசைவும் தனித்தனியாகக் கேட்டது. வீணைக்கும் சற்றுக் கைகொடுக்கத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்தபோது, பெரிய பெரிய வித்வான்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். மெல்லிய ஒலி அவர்களைத் தன் பக்கம் இழுத்தது. பாலக்காடு மணி ஐயர் மைக் வைத்த கச்சேரிகளில் வாசிப்பதில்லை என்று ஒரு காலத்தில் முடிவே எடுத்தார். மிருதங்கத்துக்காக முதன்முதலில் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் அவர். அப்படிப்பட்டவர் தம் வாத்தியத்தின் நாதம் கெடுகிறது என்று நினைத்தார் என்றால், நாம் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

உடல்நலக் கணக்கும் ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் இடங்களுக்கு அமெரிக்காவில் வகுத்துள்ள வழிகாட்டுதல்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரே மணி. நம் கச்சேரி இரண்டரை மணி நேரம். டிசம்பரில் ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்கிற ரசிகர்கள் உங்கள் சபாக்களில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் வயதானவர்கள். டெசிபல் காட்டும் செயலிகள் இப்போது கைபேசியிலேயே உண்டு. துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒரு தோராயம் தெரியும். ஒரு தடவை நடு வரிசையில் உட்கார்ந்து அளந்து பாருங்கள்.

சத்தம் எப்படி ஏறுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். மிருதங்க வித்வான் தமக்கு முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்லிக் கை காட்டுவார். உடனே பாடகருக்குத் தம் குரல் கேட்காது, அவரும் கை காட்டுவார். வயலின் வித்வான் சும்மா இருக்க முடியுமா? மேடையே இரைச்சலானதும், அதை மீறி அரங்கத்துக்கு அனுப்ப வெளி ஸ்பீக்கரையும் கூட்டியாக வேண்டும். இதில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. மிக்சரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, மேடையிலிருந்து கை காட்டினால் மறுக்கக்கூடிய நிலையிலா இருக்கிறார்? அந்த அதிகாரத்தை நீங்கள்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். முடிந்தால் அவரை மேடை ஓரத்திலிருந்து எழுப்பி, அரங்கத்தின் நடுவில் ரசிகர்களோடு உட்காரவையுங்கள். அவர் காதுக்கும் எங்கள் காதுக்கும் ஒரே ஒலி கேட்கட்டும்.

கச்சேரிக்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்கி, முதலில் தம்பூராவை மட்டும் மீட்டச் சொல்லுங்கள். அது கடைசி வரிசையில் மெலிதாகக் கேட்கிற அளவை வைத்துக்கொண்டு, அதன் மேல் குரலையும், பிறகு மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். முன்னால் இரண்டு பூதங்களை நிறுத்துவதைவிட, அரங்கத்தின் நீளத்துக்குச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை வைத்து, பின்னால் இருப்பவற்றுக்குத் தகுந்த தாமதம் கொடுத்தால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும். செலவு ஆகும்தான். ஒரு பொன்னாடைக் கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். சீசனுக்கு ஒரு கச்சேரியாவது மைக்கே இல்லாமல் வையுங்கள். சிறிய அரங்கமாக இருக்கட்டும், நூறு பேருக்கு மேல் வேண்டாம். சிலர் இதை ஏற்கெனவே செய்து பார்த்து, நன்றாக நடத்தியும் வருகிறார்கள். அந்தக் கச்சேரிக்குப் பள்ளி மாணவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். இன்றைக்குப் பாடுகிறவர்களிலும் மேதைகள் இருக்கிறார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அவர்களுடைய மூச்சும், நிறுத்தலும், விரல் தந்தியில் உரசும் சத்தமும் கேட்க வேண்டும். என் அப்பா என்னை அழைத்துக்கொண்டு போன மாதிரி நானும் என் பேத்தியை அழைத்துக்கொண்டு வருவேன். அவளுக்கு இந்த மார்கழியில் ஏழு வயது நிறைகிறது. போன தடவை பாதிக் கச்சேரியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், நானும் அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் சீசனில் மறுபடி கூட்டி வருகிறேன், எப்போதும் போல மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில் இருப்போம்.

அன்புடன்,
உங்கள் சபாக்களில் காது வளர்த்த ஒரு ரசிகன்