தொகையைச் சொல்லு, தாயி

பாம்பன்,
27-5-2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பாட்டி எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

போன்லயே பேசியிருக்கலாம்தான். ஆனா நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள நீ "சரிப்பா, சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்ப்பா"ன்னு வச்சிடுற. அந்த அப்புறம் வந்து நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. அதான் கடிதாசி. கையில வந்துட்டா படிச்சுத்தானே ஆகணும்.

மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கிட்டு இருக்கு. ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கிளம்பாது. கடையில வியாபாரம் பாதிக்குப் பாதி. பெஞ்சு மட்டும் விடியக்காலைலேருந்து நிறைஞ்சிருக்கு. வலை பின்னுற ஆளுங்க ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிக்கிறாங்க. பற்று நோட்டு தடிச்சுக்கிட்டே போகுது, போகட்டும், படகு கிளம்பினா குடுத்துருவாங்க. பெரியப்பா படகைக் கரை ஏத்தி ரெண்டு அடிப்பலகை மாத்தியிருக்கார். இன்ஜினைக் கழட்டித் துணி விரிச்சுப் பரப்பி வச்சிருக்கார். புதுப் பாலம் ஏப்ரல்ல திறந்தாங்கள்ல, அதுலேருந்து ரயில் ராமேஸ்வரம் வரைக்கும் பழையபடி வருது. ரெண்டு வருஷத்துக்கு மேல ரயில் சத்தமே இல்லாம கிடந்த ஊரு. இப்ப பாட்டி ரயிலை வச்சு மணி சொல்றா. காப்பித்தூள் ஏறின ஏத்தத்துக்கு நானும் கிளாஸுக்கு ரெண்டு ரூபா ஏத்திட்டேன். உனக்கு அங்க கொட்டை விலை எவ்வளவு அடி அடிச்சிருக்கும்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி நேரத்தோட படு. தனியா உக்காந்து கணக்குப் பாக்காதே.

மெக்கானிக் வீட்டுப் பையன் போன மாசம் இன்டர்வியூவுக்கு மெட்ராஸ் வந்தான்ல. அக்கா கடையில ஒரு காப்பி குடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். அண்ணாநகர் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்ததாம். உன்கிட்ட அம்மா கேட்டப்ப, "ரினோவேஷன்மா"ன்னு சொன்ன. நான் அந்தப் பையனைத் தனியா கூப்பிட்டு, சிமெண்டு மூட்டை, மணல், பெயிண்டு டப்பா ஏதாவது கிடந்துச்சாடான்னு கேட்டேன். இல்லையாம். ஷட்டருக்கு அடியில கூரியர் கவரு நாலஞ்சு சொருகிக் கிடந்துச்சு, அதுல மழைத்தண்ணி பட்டிருந்துச்சுன்னு சொன்னான். இதை நான் அம்மாகிட்ட ஒரு வாரம் சொல்லல.

பொங்கலுக்கு அப்புறம் நீ அம்மாகிட்ட வீட்டுப் பட்டா ஜெராக்ஸ் கேட்டதும் எனக்குத் தெரியும். "ஒரு பைலுக்கு வேணும்"னு சொன்னியாம். என்கிட்ட கேட்டிருந்தா ஒரிஜினலையே தூக்கிக் குடுத்திருப்பேன். வருத்தம் அதுல இல்ல. என்னைத் தாண்டிக்கிட்டுப் போய்க் கேக்கணும்னு உனக்குத் தோணுச்சே, அதுலதான்.

இதை விடு. வேற எழுத வந்தேன்.

நீ 2014-ல அந்தப் பெரிய காப்பிக் கம்பெனியில பச்சைத் துணியைக் கட்டிக்கிட்டுக் கவுன்ட்டர்ல நின்னப்ப, எஞ்சினியரிங் படிச்ச பொண்ணு கிளாஸ் கழுவுதேன்னு ஊருல சொன்னாங்க. நான் சொல்லல. டீக்கடைக்காரன் மக டிகாக்‌ஷன் பக்கம் போனா என்ன குத்தம்? அப்ப ஒரு நோட்டுப் போட்டேன். பேப்பர்ல, வாரப் பத்திரிகையில காப்பிக் கடை நடத்துறவங்க பத்தி எது வந்தாலும் வெட்டி ஒட்டிடுவேன். நீ ஷிப்ட் மேனேஜர் ஆனதுக்கும் ஏரியா மேனேஜர் ஆனதுக்கும் தேதி போட்டு நடுநடுவுல எழுதியிருக்கேன். 2021-ல நீ சொந்தமா முதல் கடை திறந்து, நம்ம சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைப் போட்டுக் காப்பி வித்தப்ப வந்த போட்டோ அட்டையிலயே இருக்கு.

அந்த நோட்டுல அமெரிக்காக்காரர் ஷுல்ட்ஸ் பத்தித்தான் ஜாஸ்தி. லாரி ஓட்டினவர் மகன். அப்பாவுக்குக் கால் முறிஞ்சு வீட்டுல கிடந்தப்ப கையில சம்பளமும் இல்ல, வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸும் இல்ல. அந்தப் பிள்ளை தனியா கடை போடுறேன்னு கிளம்பி, பணம் போடச் சொல்லி 242 பேரைப் பாத்திருக்கார், அதுல 217 பேர் முடியாதுன்னுட்டாங்க. 1987-ல தான் வேலை பாத்த ஸ்டார்பக்ஸையே 38 லட்சம் டாலருக்கு வாங்கினார். இதெல்லாம் உனக்குப் பாடம், நீயே எனக்குச் சொன்னது. எனக்கு அவர்கிட்ட பிடிச்சது வேற. 2008-ல கம்பெனி சரிஞ்சப்ப, பிப்ரவரி 26 சாயங்காலம் அமெரிக்காவுல 7,100 கடையை ஒரே நேரத்துல பூட்டி, பிள்ளைங்களுக்குக் காப்பி போடுறதை மறுபடி சொல்லிக் குடுத்தார். அதே வருஷம் 600 கடையை ஒரேயடியா மூடுறோம்னு ஊரறியச் சொன்னார். ரினோவேஷன்னு சொல்லல.

உன்னைக் குத்திக் காட்ட எழுதல தாயி. எழுதினதை அடிக்கவும் மனசு வரல.

லக்‌ஷ்மண் நரசிம்மன்னு நம்ம பூனாவுல பிறந்தவர் 2023 மார்ச்ல அந்தக் கம்பெனிக்கே தலைமைக்கு வந்தாரே, வந்ததும் நீ போன் பண்ணி எவ்வளவு சந்தோஷப்பட்ட. 40 மணி நேரம் கடையில நின்னு காப்பி போடப் பழகினார்ப்பா, மாசத்துக்கு அரை நாள் கடையில நிப்பாராம்ப்பான்னு சொன்ன. 2024 ஆகஸ்ட்ல அவரை மாத்திட்டு வேற ஆளைக் கொண்டு வந்தாங்க. ஒன்றரை வருஷம்கூட முழுசா இல்ல. அவ்வளவு பெரிய நாற்காலியிலேருந்தே மனுஷனை எழுப்பி விட்டுடுறாங்க. அதனால அவர் காப்பி தெரியாதவர்னு ஆயிருமா? உனக்குப் பணம் போட்டவங்க என்ன சொல்றாங்கன்னு தெரியல. எழுந்திரிக்கச் சொன்னா எழுந்திரிச்சிடு. சீனாவுல அந்த லக்கின் கம்பெனியில பண்ணின மாதிரி நடக்காத வியாபாரத்தை நடந்ததா எழுதிக் காட்டச் சொன்னா மட்டும் கையெழுத்துப் போடாதே. நீ போட மாட்ட. ஒன்பது வயசுல ஆவின் டப்பாவைக் கவுத்துப் போட்டு உக்காந்து கல்லாவுல எட்டணா குறைஞ்சாலும் கண்டுபிடிச்சவ நீ.

நேரத்துக்குச் சாப்பிடு.

அந்த நோட்டுல ஒரே ஒரு பேப்பரை மட்டும் நான் ஒட்டல. மடிச்சு அட்டைக்கு உள்ளே வச்சிருக்கேன். கஃபே காபி டே நடத்தின சிக்மகளூர்க்காரர் சித்தார்த்தா. தலைமுறையா காப்பித் தோட்டக்காரங்க வீட்டுப் பிள்ளை. 1996-ல பெங்களூர் பிரிகேட் ரோட்டுல காப்பியும் இன்டர்நெட்டுமா முதல் கடை போட்டார். நம்ம நாட்டுல காலேஜ் பிள்ளைங்க காப்பிக் கடையில உக்காந்து பேசுற பழக்கத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான்னு நீ சொல்லுவ. 2019 ஜூலை 29 சாயங்காலம் மங்களூர்ப் பக்கம் நேத்ராவதி ஆத்துப் பாலத்துல காரை விட்டு இறங்கினார். 31-ந் தேதி காலையில மீன் பிடிக்கிறவங்கதான் பாத்துச் சொன்னாங்க. அவர் பேர்ல ஒரு கடிதம் வந்துச்சு, தொழில்ல தோத்துட்டேன்னு. அன்னிக்குக் கடையில பேப்பரை வாசிச்சுச் சொன்ன பெரியவர் பாதியில நிறுத்திட்டார். நீ அப்ப அந்தத் தொழில்லதான் இருந்த. உனக்குப் போன் பண்ணேன். நீ "பாவம்ப்பா"ன்னு மட்டும் சொன்ன.

நம்ம வீட்டுலேருந்து பாத்தாலும் பாலம்தானே தெரியுது. ராத்திரி விளக்கு எரியுறதைப் பாத்துக்கிட்டே திண்ணையில உக்காந்திருக்கேன், ஒரு மாசமா.

அவர் போனதுக்கு அப்புறம் நடந்ததையும் நான் படிச்சிருக்கேன். அந்தக் கம்பெனிக் கூட்டத்துக்கு 7,000 கோடிக்கு மேல கடன். 2020 டிசம்பர்ல அவர் மனைவி மாளவிகா அந்த நாற்காலியில உக்காந்தாங்க. பெங்களூர்ல இருந்த டெக் பார்க்கைக் கம்பெனி வித்துச்சு. 1,700-க்குப் பக்கம் இருந்த கடை இன்னிக்கு 500-க்கும் கீழதான். கடனும் பல மடங்கு இறங்கிருச்சு. 7,000 கோடி, தாயி! அதுக்கே விக்க ஒண்ணு இருந்துச்சு, மூட ஒண்ணு இருந்துச்சு, உக்காந்து பேச ஒரு வழி இருந்துச்சு. அதை அவர் இருந்து பாத்திருக்கலாமேன்னு எனக்கு ஆறவே மாட்டேங்குது. முன்னப்பின்ன தெரியாத மனுஷனுக்காக ஆறு வருஷமா நான் ஏன் இப்படி நினைக்கிறேன்னு அம்மா கேட்டா. பதில் சொல்லல.

பதில் உனக்குத் தெரியும். அந்தப் பச்சைக் கதவு உனக்கு ஞாபகம் இருக்கும். இருக்கக் கூடாதுன்னு இருபத்து நாலு வருஷமா வேண்டிக்கிட்டு இருக்கேன்.

நம்ம படகு போன கதை வேற. அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் பண்ணினது வேற. மீன் கம்பெனிக்காரர்கிட்ட வாங்கின அட்வான்ஸும் அதுமேல ஏறின வட்டியும் அம்மாவுக்குத் தெரியாது. காலையில கிளம்புற நேரத்துக்குக் கிளம்பி குந்துகால் கடற்கரையில போய் உக்காந்திருப்பேன். அன்னிக்கு அந்த ஆள் வீட்டுக்கே வந்துட்டார். நான் உள்ளறையில வலைக்குவியலுக்குப் பின்னால. நீ யூனிபார்ம் போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு நின்ன. "அப்பா மண்டபம் போயிருக்காங்கன்னு சொல்லு"ன்னு உன் காதுல சொல்லி அனுப்பினவன் நான். நீ கதவைப் பாதி திறந்து, திக்காம, கண்ணைக் கீழே போடாம சொன்ன. கெட்டிக்காரப் பிள்ளைன்னு அவர் கடலை மிட்டாய் ஒண்ணு குடுத்துட்டுப் போனார். நீ அதைத் தின்னல. உள்ளே வந்து, வலைமேல என் கைக்குப் பக்கத்துல வச்சிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்ட. எறும்பு வந்து மொய்க்கிற வரைக்கும் அது அங்கயே கிடந்துச்சு. நான் தொடல.

கடன் வந்தா கதவைப் பாதி திறக்கணும், உள்ளே ஒண்ணு வச்சுக்கிட்டு வெளியே ஒண்ணு சொல்லணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது நான். உன் அண்ணாநகர் ஷட்டரைப் பத்திக் கேக்க எனக்கு என்ன வாய் இருக்கு? அதனாலதான் ஒரு மாசம் கேக்காம இருந்தேன். 2023-ல ஒரு தரம் நீ சிரிச்சுக்கிட்டே "எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு வந்துடவாப்பா"ன்னு கேட்ட. நானும் சிரிச்சுக்கிட்டே "ஊரே உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கு தாயி"ன்னு சொன்னேன். பெருமையிலதான் சொன்னேன். அது உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்னு இப்பதான் உறைக்குது. கடைச் சுவத்துல மாட்டியிருந்த உன் போட்டோவை நேத்து இறக்கி வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சிட்டேன். பாக்குறதுக்கு நாங்க மூணு பேர் போதும்.

எட்டு மாசம் கழிச்சு அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு உனக்குத் தெரியாது. தண்ணிக் குழாயில யாரோ சொல்லி, குடத்தை அங்கயே வச்சிட்டு வந்தா. அழல. "எவ்வளவு?"ன்னு கேட்டா. எனக்கு நாக்கு எழும்பல. மூணு தரம் கேட்டா. ஒரு லட்சத்து நாப்பதாயிரம்னு அடுப்படி நிலையில நின்னு சொன்னேன். அவ அரைச்ச கையைக் கழுவிட்டு வந்து, காலண்டர் தாள் ஒண்ணைக் கிழிச்சு, பின்பக்கம் மேல அந்தத் தொகையை எழுதி, கீழே தாலிக்கொடி, தோடு, வலை, சைக்கிள்னு ஒவ்வொண்ணா எழுதினா. மிச்சத்துக்குத்தான் டீக்கடை. மூணரை வருஷத்துல அடைச்சோம். கொடியை வித்ததுக்கு அவ ஒரு நாளும் என்னைச் சொன்னதில்ல. அந்த எட்டு மாசத்துக்கு இன்னிக்கும் சொல்லுவா.

தடைக்காலத்துல 61 நாள் படகைக் கட்டிப் போடுறோம். பெரியப்பா இன்ஜினைக் கழட்டிப் பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கார். அந்த வழியா போறவங்க நின்னு என்ன பழுதுன்னு கேட்டு, தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போறாங்க. நீயும் பரப்பி வையி தாயி. ஏழு கடையில எத்தனை ஓடுது, எத்தனை ஓடல, யாருக்கு எவ்வளவு, எதுல உன் கையெழுத்து இருக்கு. பிள்ளைங்க சம்பளம் பாக்கி இருந்தா அதை முதல்ல எழுது. மூட வேண்டியதை மூடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ராத்திரியில மட்டும் தனியா இருக்காதே. ஹாஸ்டல்ல கூட இருந்த உன் சிநேகிதியை வந்து படுத்துக்கச் சொல்லு. இன்னிக்கே சொல்லு.

வரவான்னு உன்னைக் கேக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை ராத்திரி சேது எக்ஸ்பிரஸ்ல ராமேஸ்வரத்துல ஏறுறேன். திங்கக்கிழமை காலையில மெட்ராஸ்ல இருப்பேன். கடையைப் பத்து நாளைக்குப் பெரியப்பா மகன் பாத்துக்குவான். நெத்திலிக் கருவாடும் ரெண்டு கிலோ கருப்பட்டியும் கொண்டு வர்றேன்.

அம்மா ஏப்ரல் மாசத் தாளைக் கிழிச்சுக் குடுத்திருக்கா. பின்பக்கம் மேல உன் பேரை எழுதியிருக்கா. பேருக்குக் கீழே தொகைக்கு இடம் விட்டு, அதுக்கும் கீழே கடை மனை, பின்னால இருக்குற பனந்தோப்பு, அவ கைவளையல் ரெண்டுன்னு அவளாவே எழுத ஆரம்பிச்சிட்டா. அதை மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
அப்பா

இந்தக் கடிதாசி கைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு. பேச வேண்டாம், மணி அடிச்சா போதும். ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் முழிச்சுத்தான் இருப்பேன்.