மருமகனுக்கு அந்தச் சீஸ் வேண்டாம்

அன்பின் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். குளம் வான் பாய்கிறது என்று மச்சான் சொன்னார். வயல் தப்பியதா? அன்றைக்கு போன் லைன் விட்டு விட்டு வந்ததால், மருமகனுக்குச் சீஸ் கொடுக்கலாமா என்று நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

பாரிஸ் சித்தி அனுப்பிய முக்கோணச் சீஸை மருமகனுக்குக் கொடுக்காதே. முன்பக்கத்தில் 'லக்டோஸ் இல்லை' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துப் பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சரி என்று சித்தி நினைத்துவிட்டா. லக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை. அது சமிக்காதவர்களுக்கு வயிறு ஊதும், வயிற்றாலே போகும். கிளிநொச்சி டொக்டர் இவனுக்குச் சொன்னது பால் புரத அலர்ஜி. சீஸ் என்பதே பாலைத் திரைய வைத்து அந்தப் புரதத்தைக் கட்டியாக எடுப்பதுதானே. மாதக்கணக்கில் பழுக்க வைத்தால் சர்க்கரை போய்விடும், புரதம் இருக்கும். எருமைத் தயிர் கொடுத்துப் பார்ப்போமா என்று அம்மா கேட்டாவாம். வேண்டவே வேண்டாம். பசு, எருமை, ஆடு எல்லாப் பாலின் புரதமும் ஏறக்குறைய ஒரே சாயல்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் இருப்பது இங்கிலாந்தின் சமர்செட்டில். செடார் சீஸுக்குப் பெயர் வந்த செடார் என்ற ஊரும் இந்த மாவட்டத்தில்தான். எனக்கு சீஸை வெட்டிப் பொதி செய்யும் பகுதியில் வேலை. வால்நட் போட்ட சீஸ் ஓடும் நாள்தான் பெரும்பாடு. வெறும் சீஸை முதலில் முடித்துவிட்டு, கொட்டை போட்டதைக் கடைசியில் ஓட்டுவோம். பிறகு பெல்ட், கத்தி எல்லாம் கழற்றிக் கழுவி, பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதிக்க வேண்டும். கோவிட் காலத்தில் பார்த்த மாதிரியே ஒரு கோடா, இரண்டு கோடா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். கொட்டை மிச்சம் காட்டினால் திரும்பவும் கழுவல், அந்தக் குளிரறைக்குள் விரல் விறைக்க. லேபல் உருளை மாற்றும்போதும் ஒரு துண்டு கிழித்துப் பதிவுப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். சீஸ் நன்றாக இருந்தும் லேபல் மாறி ஒட்டுப்பட்டால் கடைகளில் இருந்து அவ்வளவையும் திருப்பி எடுக்க வேண்டியதுதான்.

ஐரோப்பாவில் 2014 டிசம்பரிலிருந்து பால், முட்டை, கச்சான், எள்ளு, கடுகு என்று 14 வகை அலர்ஜிப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலுக்குள் எடுப்பாகக் காட்ட வேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பிரிட்டன் பிரிந்து வந்த பிறகும் இங்கே அதே சட்டம்தான். இத்தாலியின் கிரானா படானோ சீஸில் முட்டை என்று போட்டிருப்பதைக் கண்டு முதலில் நம்பவில்லை. பழுக்கும்போது சீஸ் ஊதி வெடிக்காமல் இருக்க முட்டை வெள்ளைக்கருவில் எடுத்த லைசோசைம் என்ற நொதியைச் சேர்க்கிறார்களாம்.

ஆனால் ஒன்று கவனி. பால், உப்பு, உறை, நொதி தவிர வேறொன்றும் சேராத, பழுக்க வைத்த சீஸுக்குச் சேர்மானப் பட்டியலே தேவையில்லை. சீஸ் என்றாலே பால் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது சட்டத்தின் எண்ணம். பட்டியல் இல்லையென்றால் பால் இல்லை என்று எடுத்துவிடாதே.

பாலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயில் செய்த வீகன் சீஸ் அனுப்பலாமா என்றும் பார்த்தேன். திருப்பிப் பார்த்தால் 'பால் இருக்கக்கூடும்' என்று கிடக்கிறது. இந்த 'கூடும்' என்பதைச் சில கம்பனிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றிலும் போட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். அப்படியென்றாலும் இவன் விஷயத்தில் அதை மெய்யென்றே எடுப்போம். அனுப்பவில்லை.

முன்பள்ளி டீச்சரிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடு. கோயில் பொங்கலில் பால் விட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டு ஆச்சி பாணில் பட்டர் பூசிக் கொடுப்பா. முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ பார்த்துக்கொண்டிராமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடி.

சித்தியின் பெட்டியை அம்மா சாப்பிடட்டும், அவவுக்கு விருப்பம்தானே. சாப்பிட்டுக் கை, வாய் கழுவிய பிறகு பேரனைத் தூக்கிக் கொஞ்சச் சொல்லு.

அன்புடன்,
அண்ணா