இந்த முறை கடற்கரை வேண்டாம், கோதுமை நிலத்துக்குப் போவோம்

மெல்பேர்ன் தமிழ் அமைப்புகளில் குடும்பச் சுற்றுலாவை ஒழுங்கு செய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம். பஸ் பிடிப்பதிலிருந்து சாப்பாட்டுப் பொதி கட்டுவது வரை ஆண்டுதோறும் நீங்கள் படும் பாட்டை அறிவேன். அதற்கு நன்றி சொல்லிவிட்டே இந்த வேண்டுகோளை வைக்கிறேன். வருகிற செப்டெம்பர் பள்ளி விடுமுறைக்கு மறுபடியும் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளுக்கு ஒருநாள் பயணம் போடாதீர்கள். வடமேற்கே கோதுமை விளையும் விம்மெரா, மாலி பகுதிகளில் இரண்டு இரவு தங்கும்படி கூட்டிப்போங்கள்.

அந்தப் பாறைகளுக்குப் போகும் கடலோரப் பாதையான கிரேட் ஓஷன் ரோட்டின் அழகில் குறையில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், மாண்ட தோழர்களின் நினைவாக மலையோரத்தை வெட்டிப் போட்ட பாதை அது. ஆனால் விடியக் கிளம்பி இரவே திரும்பும் அவசரத்தில், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாமார் வளைவுகளில் தலைசுற்றி, பாறைகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வாழ்நாளெல்லாம் வயல் செய்தவர்கள்! இந்த நாட்டு விவசாயத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

என் மாமனார் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்தவர். மெல்பேர்னிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, ரூபன்யப் என்ற ஊருக்கு அருகே காரை நிறுத்தியதும் வேலியோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "வாய்க்கால் எங்க பிள்ளை?" வாய்க்கால் இல்லை மாமா, எல்லாம் மானாவாரி என்றேன். "இவ்வளவு நிலமும் மழையை நம்பியோ?" அதன்பிறகு வழியெல்லாம் மண்ணையும் விதைப்பையும் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு உற்சாகமாக அவரை இங்கே நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளுக்கும் அங்கே நிறைய இருக்கிறது. பிரிம் என்ற சிற்றூரில் 1939இல் கட்டிய சைலோக்களின்மேல், அதாவது உயரமான தானியக் களஞ்சியங்களின்மேல், 2016இல் ஓவியர் கைடோ வான் ஹெல்டன் நான்கு விவசாயிகளின் உருவங்களை வரைந்தார். இன்று ரூபன்யப்பிலிருந்து பாச்சவொலொக் வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு ஊர் ஊராக இப்படி ஓவியங்கள். ஷீப் ஹில்ஸ் சைலோக்களில் அட்னேட் என்ற ஓவியர் வரைந்திருப்பது அந்த மண்ணின் ஆதிக்குடி மூத்தோர் இருவரையும் சிறுவர் இருவரையும். பின்னணியில் இரவு வானம்.

அந்த வானத்துக்காகத்தான் இரவு தங்கச் சொல்கிறேன். சீ லேக் ஊருக்குப் பக்கத்திலுள்ள டிரெல் ஏரி, விக்டோரியாவின் மிகப் பெரிய உப்பு ஏரி. அங்கு வாழ்ந்த பூரோங் என்ற ஆதிக்குடி மக்கள் விண்மீன்களைப் பார்த்துப் பருவம் கணித்தவர்கள். அவர்களுடைய வானறிவை வில்லியம் ஸ்டான்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயக் குடியேறி 1857இல் எழுத்தில் பதிந்திருக்கிறார். இதைப் பிள்ளைகள் வகுப்பில் படித்தால் போதாது. அந்தக் கரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாச் சாப்பாட்டையும் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போய், அந்த ஊர்களில் குப்பையை மட்டும் விட்டுவிட்டு வரக் கூடாது. சீ லேக்கில் மூடிக் கிடந்த ஹோட்டலை ஊர்க்காரர்களே கூட்டாகப் பணம் போட்டு வாங்கித் திறந்தார்கள். ஊர் அழிந்துவிடக் கூடாது என்று பாடுபடுகிறவர்கள் அவர்கள். புளிச்சாதம் ஒரு வேளைக்குப் போதும். மற்ற வேளைகளில் அவர்களுடைய பேக்கரியிலும் பப்பிலும் சாப்பிடுவோம். ஒரு பஸ் நிறைய ஆட்கள், அதில் பாதிப் பேர் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். சின்ன அடுப்படிகள், மத்தியானம் தாண்டினால் பலதும் மூடிவிடும்.

செப்டெம்பரில் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் மஞ்சளாய்ப் பூத்திருக்கும். படம் எடுக்க எவரும் வயலுக்குள் இறங்க விடாதீர்கள்; செருப்பில் ஒட்டிப்போகும் களைவிதையும் நோயும் ஒரு விவசாயியின் வருட உழைப்பைக் கெடுக்கும். பொழுது சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும் என்பதால், இருட்டுவதற்குள் தங்குமிடம் சேரும்படி நேரத்தைப் போடுங்கள். முதல் இரவு வாரக்னபீல், இரண்டாம் இரவு சீ லேக் என்று வைத்தால் யாருக்கும் களைப்பிராது. படுக்கைகள் குறைவு, விடுமுறை நெருங்கினால் கிடைக்காது. அதனால் அடுத்த கூட்டத்திலேயே இதை முடிவு செய்யுங்கள். இடம் பேசி வைக்கும் வேலையை நானே பொறுப்பெடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பயணங்களில் வந்த ஒரு குடும்பத்தவன்